'ஒரு ரவுண்டுதானே!'

(இளைஞர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை, வாசகர்களுக்காக எழுத்து வடிவில்)



திங்கட்கிழமை காலை ஏதாவது ஒரு கம்பெனியின் கேண்டீனில் பத்து நிமிடம் நின்று காது கொடுத்துக் கேளுங்கள். "நேத்து எத்தனை ரவுண்டு போச்சு?" என்று ஒருவர் கேட்பார். "நாலு ரவுண்டு. ரெண்டு மணிக்குத்தான் படுத்தேன். தலை வலிக்குது" என்று மற்றவர் சொல்வார். அவர்கள் பேசுவது செல்போன் விளையாட்டைப் பற்றியா, மதுவைப் பற்றியா? உங்களால் கண்டுபிடிக்க முடியாது! இரண்டுக்கும் ஒரே சொல், ஒரே சிரிப்பு, ஒரே தலைவலி.

"இதென்ன பெரிய விஷயம்? சும்மா பேசிக் கொள்கிறார்கள். இதற்கெல்லாம் ஒரு சொற்பொழிவா?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அந்தச் 'சும்மா'வைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேசப் போகிறேன். ஏனென்றால் அந்தச் சும்மாப் பேச்சில் கலந்து கொள்ளாதவருக்கு என்ன நேர்கிறது என்று யாரும் பேசுவதில்லை.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கி விடுகிறேன். விளையாட்டையும் மதுவையும் ஒரே தட்டில் வைத்து எடை போட நான் வரவில்லை. மது மார்க்கத்தில் விலக்கப்பட்டது. அதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. பணம் கட்டாத விளையாட்டு அப்படிப்பட்டதல்ல. உடம்புக்கும் மனதுக்கும் கொஞ்சம் ஓய்வு வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இவை இரண்டும் மனிதனைப் பிடித்துக் கொள்கிற விதம் ஒன்று. அந்தப் பிடியை அடையாளம் கண்டு கொண்டால்தான் விடுவித்துக் கொள்ளும் வழி தெரியும்.

விளையாட்டு எப்படிப் பிடிக்கிறது?

நம் ஊர்த் திண்ணையில் கேரம் ஆடுவார்கள். பாங்கு சொன்னால் காயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போவார்கள். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். இன்றைக்குப் பலர் ஒரே நேரத்தில் இணையத்தில் கூடி ஆடுகிற விளையாட்டுகள் இருக்கின்றனவே, அவற்றில் இது நடக்காது.

பப்ஜி என்ற விளையாட்டை எடுத்துக் கொள்ளுங்கள். ஒரு தீவில் 100 பேர் இறங்குகிறார்கள். நால்வர் நால்வராகக் குழு சேர்ந்தும் ஆடலாம். கடைசியில் மிஞ்சும் குழுவுக்கு வெற்றி. ஓர் ஆட்டம் ஏறக்குறைய அரை மணி நேரம் ஓடும். நடுவில் உங்கள் தாயார் கூப்பிடுகிறார் என்று நிறுத்தி வைக்க முடியுமா? முடியாது. நிறுத்தி வைக்கும் பொத்தானே கிடையாது! நீங்கள் எழுந்து போனால் உங்களுக்கு மட்டுமா நஷ்டம்? மற்ற மூன்று பேரும் திட்டுவார்கள். "உன்னால்தான் தோற்றோம்" என்பார்கள்.

2004 நவம்பரில் அமெரிக்காவில் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்றொரு விளையாட்டு வந்தது. அதன் தொடக்க காலத்தில் பெரிய அரக்கர்களை வீழ்த்த 40 பேர் வரை ஒரே நேரத்தில் கூட வேண்டியிருந்தது. அந்த 40 பேரும் வெவ்வேறு ஊர்க்காரர்கள். அதற்காகச் சங்கங்கள் அமைத்தார்கள், தலைவர் வைத்தார்கள், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று நாள் குறித்தார்கள், வராதவர்களைக் கணக்கெடுத்தார்கள். நம்முடைய கிளைக் கூட்டங்களுக்கு நாம் இப்படி ஆள் சேர்க்க மாட்டோமா என்று எனக்கே ஆசை வருகிறது!

இங்கேதான் சிந்திக்க வேண்டும். இரவு இரண்டு மணிவரை ஆடும் இளைஞரை எழுப்பிக் கேளுங்கள். "விளையாட்டு ருசியாக இருக்கிறது, அதனால் ஆடினேன்" என்று சொல்ல மாட்டார். "பசங்க காத்துக்கிட்டு இருந்தாங்க, விட்டுட்டு வர முடியலை" என்றுதான் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. அவரைப் பிடித்து வைத்திருப்பது வெறும் துப்பாக்கிச் சத்தமல்ல. நண்பர்களை நட்டாற்றில் விடக் கூடாது என்ற நல்ல குணம்தான்! அந்த நல்ல குணத்தையே தூண்டிலில் புழுவாகக் கோத்து வைத்திருக்கிறார்கள்.

2020 செப்டம்பர் 2ஆம் தேதி இந்திய அரசு பப்ஜி உள்ளிட்ட 118 செயலிகளைத் தடை செய்தது. அதற்கு அரசு சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பு. 2021 ஜூலையில் அதுவே இந்தியாவுக்கென்று வேறு பெயர் சூட்டிக் கொண்டு வந்தது. 2022 ஜூலையில் மீண்டும் கடையிலிருந்து நீக்கப்பட்டது. 2023 மே மாதம் மூன்று மாதச் சோதனை முறையில் மறுபடி வந்தபோது, வயது வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 6 மணி நேரம், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 3 மணி நேரம் என்று வரம்பு வைத்தார்கள். ஆறு மணி நேரம்! 8 மணி நேர வேலையில் முக்கால் பங்கு! வரம்பே இவ்வளவு என்றால் வரம்பில்லாமல் ஆடியவர்கள் எவ்வளவு ஆடியிருப்பார்கள்?

உலக சுகாதார நிறுவனம் 'விளையாட்டுச் சீர்கேடு' என்று ஒரு நோய்க்குப் பெயர் கொடுத்தது. 2019 மே மாதம் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் அது இருக்கிறது. ஆடுகிற எல்லோரும் நோயாளிகள் என்று அவர்கள் சொல்லவில்லை. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டமே முக்கியமாகிப் போவது, கேடு வருகிறது என்று தெரிந்தும் தொடர்வது, இந்த நிலை பொதுவாக 12 மாதங்களாவது நீடிப்பது. இவைதான் அதன் அடையாளங்கள். உங்கள் தம்பியை, உங்கள் மகனை, ஏன் உங்களையே, இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள்.

கோப்பை எப்படிப் பிடிக்கிறது?

இப்போது மதுவுக்கு வருவோம். 'ரவுண்டு' என்பதன் பொருள் என்ன? நான்கு பேர் உட்காருகிறார்கள். முதல் முறை ஒருவர் எல்லோருக்கும் வாங்குகிறார். அடுத்த முறை அடுத்தவர். ஒரு கோப்பையோடு எழுந்து வர நினைப்பவரால் வர முடியாது. அடுத்தவர் காசில் குடித்தாகி விட்டது, தன் முறை வரும்வரை உட்கார வேண்டும். தன் முறை வந்து முடிவதற்குள் நான்கு கோப்பை உள்ளே போய்விடும். இங்கேயும் பிடித்து வைப்பது என்ன? நட்புக் கடன்!

இதற்கு ஒரு பழைய சான்று இருக்கிறது. பிரிட்டிஷ் கடற்படையில் மாலுமிகளுக்கு நாள்தோறும் ரம் வழங்குவது வழக்கம். 1740இல் வெர்னன் என்ற தளபதி அதில் தண்ணீர் கலந்து கொடுக்க உத்தரவிட்டார். அந்த அளவுக்குக் குடி தலைக்கு மேல் போயிருந்தது. பிறகு அளவைக் குறைத்துக் கொண்டே வந்தார்கள். ஆனால் கப்பலுக்குள் அது பானமாக மட்டும் இருக்கவில்லை, நாணயமாகவே ஆகிவிட்டது! எனக்கு நீ காவல் நின்றாயா, என் பங்கில் ஒரு வாய் குடித்துக் கொள். பெரிய உதவி செய்தாயா, ஒரு மடக்குக் குடித்துக் கொள். இப்படி உதவிக்கு உதவி, நட்புக்கு நட்பு என்று எல்லாம் அந்தக் கோப்பையாலேயே அளக்கப்பட்டன.

அப்படியானால் குடிக்காத மாலுமிக்கு என்ன கிடைத்தது? இதைக் கவனியுங்கள். 'நான் குடிப்பதில்லை' என்று பதிவு செய்து கொண்டவருக்கு நாளொன்றுக்கு மூன்று பென்ஸ் காசாகக் கொடுத்தது அந்தக் கடற்படை! நம்மை அடிமைப்படுத்தி ஆண்ட ஆங்கிலேயனின் கடற்படைக்குக்கூட, குடிக்காதவனுக்கு நஷ்டம் வரக் கூடாது என்ற நியாயம் தெரிந்திருந்தது. குடிக்காத ஊழியருக்கு என்ன கொடுப்பது என்று இன்றைய கம்பெனிகளில் எது யோசித்திருக்கிறது?

1970 ஜூலை 31ஆம் தேதியோடு அந்த வழக்கத்தை அடியோடு நிறுத்தினார்கள். மார்க்கத்துக்குப் பயந்தா? இல்லை. நுட்பமான கருவிகள் கப்பலுக்கு வந்துவிட்டன. நண்பகலில் மது குடித்தவனை அவற்றின் பக்கத்தில் நிறுத்த முடியாது. சுமார் 300 ஆண்டுப் பழக்கத்தை இயந்திரம் முடித்து வைத்தது!

ஆனால் எல்லா இடத்திலும் அப்படி நடக்கவில்லை. 2010 ஏப்ரலில் டென்மார்க்கில் கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனி, வேலை நேரத்தில் எப்போது வேண்டுமானாலும் பீர் குடிக்கலாம் என்றிருந்ததை மாற்றி, மதிய உணவின்போது மட்டும் என்று ஆக்கியது. நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் வேலை நிறுத்தத்தில் இறங்கி விட்டார்கள்! கூலி உயர்வுக்காக வேலை நிறுத்தம் கேள்விப்பட்டிருக்கிறோம். பீருக்காகவும் நடந்தது. வேலையிடத்தில் நுழைந்த பழக்கம் ஓர் உரிமையாகவே மாறிவிடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இரண்டும் ஒரே கூரையின் கீழ்

விளையாட்டும் மதுவும் வேலையும் ஒரே கூரையின் கீழ் சேர்ந்தால் என்ன ஆகும்? சற்று முன் சொன்ன அந்த 40 பேர் விளையாட்டைத் தயாரித்த கம்பெனிக்கே போவோம். பிளிஸார்டு என்று பெயர். அதன் தாய்க் கம்பெனி ஆக்டிவிஷன் பிளிஸார்டு. 2021 ஜூலையில் கலிஃபோர்னியா மாநில அரசின் துறையே அதன் மீது வழக்குத் தொடுத்தது.

வழக்கு மனுவில் என்ன சொல்லப்பட்டது? ஆண் ஊழியர்கள் முந்தின நாள் போதை தெளியாமலேயே வேலைக்கு வந்தார்கள். அதைப் பெருமையாகவும் கருதினார்கள். வேலை நேரத்தில் நீண்ட நேரம் வீடியோ கேம் ஆடிக் கொண்டிருந்தார்கள். தங்கள் வேலையைப் பெண் ஊழியர்களின் தலையில் கட்டினார்கள். அளவுக்கு மீறிக் குடித்துவிட்டு, அலுவலகத்தின் தடுப்பறைகளுக்கு ஊடே ஊர்ந்து திரிந்து, பெண்களிடம் தகாத முறையில் நடந்து கொண்டார்கள். பெண் ஊழியர்கள் ஐந்தில் ஒரு பங்குதான். அவர்களுக்குச் சம்பளமும் குறைவு, பதவி உயர்வும் தாமதம்.

இவையெல்லாம் குற்றச்சாட்டுகள். கம்பெனி மறுத்தது. யாரைப் பற்றியும் நிரூபிக்கப்படாததை நிரூபிக்கப்பட்டது போலச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. 2023 டிசம்பரில் சுமார் 5 கோடியே 40 லட்சம் டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. பெரும்பகுதி, சம்பளத்திலும் பதவி உயர்விலும் பாகுபாடு என்ற புகாருக்காகப் பெண் ஊழியர்களுக்கு ஒதுக்கப்பட்டது. பரவலான பாலியல் தொல்லை நடந்தது என்பதை எந்த நீதிமன்றமும் தனிப்பட்ட விசாரணையும் உறுதி செய்யவில்லை என்று அந்தச் சமரசத்திலேயே எழுதப்பட்டது. நீதியாகப் பேச வேண்டும் என்பதால் இதையும் சேர்த்தே உங்களுக்குச் சொல்கிறேன்.

ஆனால் அந்த ஊழியர்கள் பொய்யாகவா கொதித்தார்கள்? 2021 ஜூலை 28ஆம் தேதி நூற்றுக்கணக்கான ஊழியர்கள் வேலையை விட்டு எழுந்து வந்து அலுவலக வாசலில் நின்றார்களே, அவர்கள் எல்லோருமே பொய்யர்களா? 'சும்மா ஜாலி' என்ற பேச்சுக்குப் பின்னால் எத்தனை பேருடைய வயிற்றெரிச்சல் இருந்திருந்தால் அப்படி வெளியே வந்திருப்பார்கள்? சிந்தியுங்கள்!

நம் வாசலுக்கு வந்துவிட்டது

"அது அமெரிக்கா. நமக்கென்ன?" என்று சொல்லாதீர்கள். 2023இல் ஹரியானா மாநில அரசு தன் மதுக் கொள்கையில் ஒரு புதிய உரிமத்தைச் சேர்த்தது. 5,000 ஊழியர்களும் ஒரு லட்சம் சதுர அடியும் உள்ள கம்பெனிகள், ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் கட்டினால், அலுவலகத்துக்குள்ளேயே பீரும் ஒயினும் பரிமாறலாம் என்றது. சம்பளம் கொடுக்கிற இடத்திலேயே கோப்பையும்!

அதே 2023இல் நம் தமிழ்நாட்டில் என்ன நடந்தது? கருத்தரங்கக் கூடங்கள், விளையாட்டு மைதானங்கள், திருமண மண்டபங்கள் ஆகியவற்றில் நிகழ்ச்சிகளின்போது மது பரிமாறச் சிறப்பு உரிமம் வழங்க அரசு அறிவிக்கை வெளியிட்டது. நாலா பக்கமும் எதிர்ப்புக் கிளம்பியது. திருமண மண்டபங்களை மட்டும் நீக்கினார்கள். கருத்தரங்கக் கூடம் அப்படியே நின்றது. கருத்தரங்கு என்றால் என்ன? கம்பெனிக் கூட்டம்தானே? கல்யாண வீட்டுக்கு வேண்டாம் என்று மக்கள் மறுத்த கோப்பையை, கம்பெனிக் கூட்டத்துக்கும் வேண்டாம் என்று நாம் சொல்ல வேண்டாமா? ஊழியனுக்காகவும் பேச ஆள் வேண்டும்!

இப்போது ஓர் இளைஞரை நினைத்துக் கொள்ளுங்கள். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் சேர்ந்திருக்கிறார். ஊரில் தகப்பனார் கடன் வாங்கிப் படிக்க வைத்தார். வெள்ளிக்கிழமை மாலை குழுவினர் எல்லோரும் கிளம்புகிறார்கள். "என்ன பாய், நீ வரலையா? உனக்குக் கூல் டிரிங்க்ஸ் வாங்கித் தர்றோம், வா!" என்கிறார்கள். போகாவிட்டால் 'ஒட்டாதவன்' என்ற பெயர். போய் உட்கார்ந்தால் மனசாட்சி குத்துகிறது. இரவு பத்து மணிக்கு மேல் அதே குழு விளையாட்டில் கூடுகிறது. "நால்வர் வேண்டும், ஒருவர் குறைகிறார்" என்று போன் வருகிறது.

இந்தக் கூட்டங்களில் வெறும் அரட்டைதானா நடக்கிறது? அடுத்த பிராஜெக்ட் யாருக்கு, எந்த வாடிக்கையாளர் கோபமாக இருக்கிறார், மேனேஜர் எந்த ஊருக்கு மாறிப் போகிறார், யாரை வெளிநாட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்ற சேதியெல்லாம் அங்கேதான் முதலில் வெளிவருகிறது. மேனேஜரோடு தோளோடு தோள் நின்று 'எதிரியைச் சுட்டவன்' மேனேஜருக்கு நெருக்கமாகி விடுகிறான். ஆண்டு இறுதியில் மதிப்பெண் போடும்போது, "இவன் நல்லா வேலை செய்றான், ஆனா டீமோட ஒட்ட மாட்டேங்கிறான்" என்று ஒரு வரி விழுகிறது. அந்த ஒரு வரிதான் சகோதரர்களே, சம்பள உயர்வைத் தின்கிறது!

இது முஸ்லிம் இளைஞர்களுக்கு மட்டும் வரும் சோதனை என்று நினைத்தால் தவறு. குடித்துக் குடும்பத்தைச் சீரழித்த தகப்பனைப் பார்த்து, 'நான் தொட மாட்டேன்' என்று தீர்மானித்து வாழும் மாற்றுமதச் சகோதரர்கள் எத்தனை பேர்! குடியை விட்டுவிட்டு ஒவ்வொரு நாளையும் போராடிக் கழிப்பவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு அந்த மேசை எவ்வளவு பெரிய ஆபத்து! இரவு எட்டு மணிக்குள் விடுதிக்குத் திரும்ப வேண்டிய பெண்கள், வீட்டில் பால்குடிக் குழந்தை காத்திருக்கும் தாய்மார்கள், விளையாட்டில் குரல் கொடுத்தால் கேலி வரும் என்று மைக்கை அணைத்தே வைத்திருக்கும் சகோதரிகள், இவர்கள் எல்லோரும் அந்த மேசைக்கு வெளியேதான் நிற்கிறார்கள். இது மதப் பிரச்சினை மட்டுமல்ல, வேலை செய்பவரின் நியாயப் பிரச்சினை.

சொல்லும் சாக்குகள்

"வேலை அழுத்தம் அப்படி. கொஞ்சம் தளர்வு வேண்டாமா?" என்கிறார்கள். அழுத்தம் உண்மைதான். 10 மணி நேரம், 12 மணி நேரம் வேலை வாங்கினால் மனிதன் துவண்டுதான் போவான். அதற்கு மருந்து வேலை நேரத்தைக் குறைப்பதா, கோப்பையை நீட்டுவதா? முதலாளிக்கு எது மலிவு என்று பாருங்கள். கூடுதலாக இரண்டு ஆட்களை வேலைக்கு வைப்பதைவிட மாதம் ஒரு விருந்து வைப்பது மலிவு! நம்முடைய களைப்பை நமக்கே விருந்தாகப் பரிமாறுகிறார்கள்.

"அளவாகக் குடித்தால் கெடுதல் இல்லை" என்கிறார்கள். புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் மதுபானத்தைச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1988இலேயே சேர்த்து விட்டது. உடல்நலத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று மதுவில் எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. மவ்லவிமார்கள் சொன்னால் பழமைவாதம் என்பீர்கள். மருத்துவர்கள் சொல்கிறார்களே, கேளுங்கள்!

"யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே, விரும்பினால் வரட்டும்" என்கிறார்கள். சம்பளத்தைத் தீர்மானிப்பவர் அழைக்கும்போது அது எப்படி விருப்பமாகும்? கையைப் பிடித்து இழுத்தால்தான் கட்டாயமா? சிரித்துக் கொண்டே கூப்பிட்டு, வராதவரை மறந்து போவதும் கட்டாயம்தான்.

கூட்டமாக விட்டார்கள்

மதுவையும் சூதாட்டத்தையும் திருக்குர்ஆன் ஐந்தாம் அத்தியாயத்தின் 90, 91 வசனங்களில் சேர்த்தே கூறி விலக்குகிறது. அதற்குச் சொல்லும் காரணத்தைக் கவனியுங்கள். குடல் கெடும், ஈரல் கெடும் என்று அங்கே சொல்லவில்லை. மனிதர்களுக்கிடையே பகையும் வெறுப்பும் உண்டாகும், இறைநினைவிலிருந்தும் தொழுகையிலிருந்தும் தடுக்கப்படுவீர்கள் என்பதே கருத்து. 'நட்பை வளர்க்கிறோம்' என்று சொல்லிக் கொண்டு வைக்கப்படும் மேசை, உள்ளே நான்கு பேரைச் சேர்த்து வெளியே பத்துப் பேரைத் தள்ளுகிறதே, இது நட்பா?

அந்த விலக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதலில் அதில் தீமையே அதிகம் என்று உணர்த்தப்பட்டது. பிறகு போதையோடு தொழுகைக்கு வரக் கூடாது என்று சொல்லப்பட்டது. ஐந்து நேரத் தொழுகை இருக்கும்போது பகலில் குடிக்க நேரம் ஏது? முதலில் பகலிலிருந்து, வேலை நேரத்திலிருந்து, மது விரட்டப்பட்டது. அதன் பிறகுதான் முழு விலக்கு. இன்றைய கம்பெனிகள் நேர் எதிர்த் திசையில் போகின்றன. வீட்டிலிருந்த கோப்பையை அலுவலகத்துக்கு அழைத்து வருகின்றன!

முழு விலக்கு வந்த அன்று மதீனாவில் என்ன நடந்தது? அபூதல்ஹா (ரலி) அவர்களின் வீட்டில் தோழர்கள் கூடி அருந்திக் கொண்டிருந்தார்கள். அனஸ் (ரலி) அவர்கள் பரிமாறிக் கொண்டிருந்தார்கள். அறிவிப்பாளரின் குரல் கேட்டது. வெளியே கொட்டி விடும்படி அபூதல்ஹா சொன்னார்கள். அந்நாளில் மதீனாவின் தெருக்களில் மது ஓடியது என்று ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. இதில் நமக்கு ஒரு பெரிய பாடம் இருக்கிறது. கூட்டமாகக் குடித்தவர்கள் கூட்டமாகவே விட்டார்கள்! ஒருவர் மட்டும் விட்டு, மற்றவர்கள் கேலி செய்யும் நிலை அங்கே இல்லை. கூட்டத்தால் பிடித்த பழக்கத்தைக் கூட்டத்தால்தான் விட முடியும்.

என்ன செய்ய வேண்டும்?

"நீ மட்டும் உறுதியாக இரு தம்பி" என்று இளைஞரிடம் சொல்லிவிட்டு நாம் கையைக் கழுவிக் கொள்ளக் கூடாது. தனி ஆளின் உறுதி ஒரு மாதம் நிற்கும், ஆறு மாதம் நிற்கும். விதிமுறை இருந்தால்தான் நிலையாக நிற்கும். விமான ஓட்டிகள் விமானம் கிளம்புவதற்கு 12 மணி நேரத்துக்கு முன்பிருந்தே மது அருந்தக் கூடாது என்பது இந்தியாவில் விதி. ஊதிக் காட்டிவிட்டுத்தான் பறக்க வேண்டும். அங்கே யாரும் 'ஒட்டாதவன்' என்று பெயர் வாங்குவதில்லை. ஏன்? விதி எல்லோருக்கும் பொது!

ஆகவே வேலைக்குப் போகும் இளைஞர்களே, வேலையை விட்டு ஓடாதீர்கள். ஒளிந்து கொள்ளவும் வேண்டாம். உங்களைப் போல எண்ணும் மூன்று நான்கு பேர் அந்த அலுவலகத்திலேயே இருப்பார்கள். மதம் பார்க்காமல் சேருங்கள். மேலதிகாரியிடம் பணிவாக, எழுத்து மூலமாகக் கேளுங்கள்: 'குழுவினர் கூடுவதை மதிய உணவு நேரத்துக்கு மாற்றுங்கள். மாலைக் கூட்டமானால் கம்பெனிச் செலவில் மது வேண்டாம். வேலை பற்றிய முடிவுகளை அலுவலக நேரத்தில் அறிவியுங்கள்.' இந்த மூன்றும் எந்த மதத்தின் கோரிக்கையும் அல்ல. நியாயமான எந்த நிர்வாகியும் இதற்கு இணங்குவார்.

சகோதரிகளே, உங்களுக்கு ஒரு சட்டம் துணை நிற்கிறது. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வேலை தொடர்பாக நீங்கள் போகும் எந்த இடமும் பணியிடம்தான். கம்பெனி நடத்தும் விருந்தும், அழைத்துப் போகும் சுற்றுலா விடுதியும், ஏற்றிச் செல்லும் வாகனமும் அதில் அடங்கும். 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஒவ்வொரு நிறுவனத்திலும் புகார்க் குழு இருக்க வேண்டும். 'ஆபீசுக்கு வெளியேதானே நடந்தது' என்று யாராவது தட்டிக் கழித்தால் ஏமாந்து விடாதீர்கள்.

கடையோ தொழிற்கூடமோ நடத்தும் நம் சமுதாயத்து முதலாளிகளே, உங்களிடம் மது இல்லை என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். உங்கள் கடைப் பையன் இரவெல்லாம் ஆடிவிட்டுக் காலையில் கண் சிவந்து வருகிறானே, ஏன் என்று கேட்டீர்களா? ஊரை விட்டு வந்து, கடைக்கு மேலே ஒரு சின்ன அறையில் நான்கு பேரோடு கிடப்பவனுக்கு அந்த விளையாட்டுதான் ஒரே உறவு. திட்டினால் போனைப் போர்வைக்குள் கொண்டு போவான். வாரம் ஒரு நாள் முழு விடுமுறை கொடுங்கள். மாலையில் மைதானத்துக்கு அனுப்புங்கள். உங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கு அழையுங்கள். அவனுக்கு வேறு கூட்டத்தைக் கொடுத்தால் அந்தக் கூட்டத்தை விடுவான்.

விளையாடும் இளைஞர்களே, உங்களிடம் போனை உடைக்கச் சொல்லவில்லை. ஆடுமுன்பே நண்பர்களிடம் சொல்லி விடுங்கள்: 'இரண்டு ஆட்டம், பத்து மணிக்கு நான் எழுந்து விடுவேன்.' சொல்லிவிட்டு எழுந்தால் அது துரோகம் ஆகாது. சுபுஹுத் தொழுகைக்கு எழ முடியவில்லை என்றால், காலை வேலையில் கண் சொக்குகிறது என்றால், எல்லை தாண்டியாகி விட்டது என்று அறிந்து கொள்ளுங்கள். பணம் கட்டி ஆடும் எதன் பக்கமும் போகாதீர்கள். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்ய 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் இயற்றியது. அதற்குள் எத்தனை குடும்பங்கள் கடனில் மூழ்கின!

உங்கள் கட்டுப்பாட்டை மீறிப் போய்விட்டது என்று தோன்றினால் வெட்கப்படாதீர்கள். ஆட்டமோ மதுவோ, எதுவானாலும் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இருக்கிறது. கட்டணம் இல்லை. தமிழிலேயே பேசலாம். நோய் வந்தால் மருத்துவரிடம் போவது எப்படி அவமானம் இல்லையோ, அப்படித்தான் இதுவும்.

கடைசியாக மஹல்லா நிர்வாகிகளுக்கு ஒரு வார்த்தை. ஜும்ஆ மேடையில் மதுவைக் கண்டித்து முழங்கினால் மட்டும் போதாது. மது அருந்துபவர் அந்தப் பேச்சைக் கேட்க வருவதில்லை. மதுவை மறுத்துவிட்டு, அதனால் பதவி உயர்வை இழந்துவிட்டு, வாடிய முகத்தோடு பின் வரிசையில் உட்கார்ந்திருக்கும் இளைஞர் இருக்கிறாரே, அவரைத் தேடிப் போய்க் கையைப் பிடியுங்கள். அவர் தனி ஆளாக நின்றுவிட்டார். அவரோடு நிற்பதற்குக் கூட்டம் சேர்க்க வேண்டியது நம் பொறுப்பு.

இந்தப் பொறுப்பை நிறைவேற்றும் வலிமையை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக!